எலி கடித்த முந்தானை

மூன்று முறை கை கழுவிவிட்டேன். மெழுகு வாசனை போகவில்லை. உங்கள் சட்டையில் வீசுமே, அதே வாசனை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும். அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு இவ்வளவுதான் வரும்.

முதலில் நல்ல சேதி. சின்னவன் மகன் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அவன் தங்கை கபடியில் கோப்பை வாங்கி வந்தாள். அதில் நான் பருப்பு அளந்துவிட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நம் மகள் பெற்ற பையன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறான், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு. எல்லாருக்கும் மேலே பெரியவன் மகள் தமிழரசி. ஒரகடத்தில் இஞ்சினியர். சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கிவிட்டாள். கருப்புக் கார்! முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட உங்கள் அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த சேதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் மெழுகு டப்பாவைத் திறந்துவிட்டேன்.

தமிழரசி காருக்கு மெழுகு போடப் போகிறேன் என்று கடையிலிருந்து இரண்டு விதம் வாங்கி வந்திருந்தாள். ஒன்று பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், இன்னொன்று வட்ட டப்பாவில் மஞ்சள் களிம்பு. "எது ஆயா போடலாம்? நீதான் டிரைவர் பொண்டாட்டியாச்சே" என்றாள். வெள்ளையைத் தூரப் போடச் சொன்னேன். அந்தக் காலத்தில் மெழுகு வாங்க உங்களோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு வந்து நின்றவள்தானே நான்? "இத்த போடுண்ணா, ஒரே தேய்ல பளபளன்னு வரும்" என்று கடைக்காரர் வெள்ளை பாலிஷை நீட்டினார். நீங்கள் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். "மணல் மாரி நெருடுது நயினா. கருப்புக்கு ஆவாது. இடுக்குல வேற மாவு மாரி நின்னுக்கும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "வெள்ள வண்டி அழுக்கத்தான் காட்டும். கருப்பு, தொடச்சவன் கையவே காட்டிக் குடுத்துடும்மே" என்றீர்கள்.

இதை நான் சொன்ன தினுசைப் பார்த்துவிட்டுத் தமிழரசி, "தாத்தா டப்பா இருக்குதா? ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கிறேன்" என்றாள். பரணிலிருந்து இறக்கினாள். முதலாளி வீட்டு ஷெட்டிலேயே கிடந்து, நீங்கள் வேலையை விட்ட அன்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வீட்டுக்கு வந்த டப்பா. நீங்கள் இருந்தபோதும் நான் திறந்ததில்லை. போன பிறகும் மனசு வரவில்லை. உள்ளே மெழுகு ஏரி மண் போல வெடித்துக் கிடந்தது. அதன் மேல் நான்காய் மடித்த ஒரு துணி.

அரக்குப் பட்டு. என் கல்யாணச் சேலை முந்தானை.

பெற்றவளுக்குப் பிள்ளை தெரியாதா? மெழுகு ஏறிக் கருத்துப் போயிருந்தாலும் நூலில் நெய்த அந்த மயில்கண் புள்ளியைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்காததை இப்போது சொல்கிறேன். பட்டுக்கடை முதலாளி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள். பெண்ணை ஏற்றிப் போக, நீங்கள் ஓட்டுகிற கருப்பு அம்பாசடரை நம் தெரு வேப்ப மர நிழலில் நிறுத்தி, பானெட்டு முழுக்க மெழுகு தடவியிருந்தீர்கள். மங்கலாகக் காய்ந்ததும் துடைக்க வேண்டும். அதற்குள் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது, பந்தக்கால் நட ஓடிவா என்று. "வந்து தொடைக்கிறேன், நீ கை வெக்காத" என்று சைக்கிளில் போனீர்கள்.

நிழல் நகர்ந்துகொண்டே போயிற்று. வெயில் பட்டால் மெழுகு இறுகிவிடும் என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்கள் வைத்துவிட்டுப் போனது பழைய பனியன். முதலாளி வீட்டுப் பெண் கல்யாண வண்டியைக் கிழிந்த பனியனாலா துடைப்பது? தறிக்காரர் வீடுகளுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்து, நாள் முழுக்கப் பட்டு நூலிலேயே கிடந்த கை இது. பட்டுக்கு மேலே மெத்தென்று உலகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு திமிர். என் கல்யாணச் சேலை முந்தானை மடிப்பிலேயே விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்து எடுத்து வந்தேன். மாவாட்டுகிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். நிழலில் பார்த்தால் கண்ணாடி. என் மூக்குத்தி கூடத் தெரிந்தது.

வெயில் வந்தது.

ஜரிகையை நான் நினைக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் ஜரிகையைப் பார்த்தவள், அது கம்பி என்பதை மறந்துவிட்டேன். பானெட்டு முழுக்க வட்டக் கோடுகள், சிலந்தி வலை பின்னியது போல. துணியை விறகு அடுக்குக்குள் திணித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீங்கள் திரும்பி வந்து வண்டிக்கு முன்னால் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னாலேயே முதலாளி வந்தார். "இன்னாடா பண்ணி வச்சிக்கிற? எவன்டா தொட்டான்?" வெளியே வந்து நான்தான் என்று சொல்ல வேண்டியவள் நான். வாசற்படி வரைக்கும்தான் வந்தேன். நீங்கள் நிமிராமல், "யாரும் தொடலீங்க. என் கைதாங்க, தப்பாயிடுச்சு" என்றீர்கள்.

மறுநாள் வேறு டிரைவர், வேறு கார். உங்களுக்கு லோடு வண்டி. ஊர்வலம் நம் தெரு முனையைக் கடந்தபோது நீங்கள் மாகறலுக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். கோடுகளை மெட்ராஸில் கொடுத்து ஒருவழியாக எடுத்துவிட்டார்கள். நான் வாயில் வைத்த பூட்டைத்தான் எடுக்கவில்லை. சேலைக்கு முந்தானை எங்கே என்று நீங்கள் கேட்டபோது, எலி கடித்துவிட்டது என்றேன். விறகில் வைத்த துணியைத் தேடினால் அதையும் காணோம். நிஜமாகவே எலிதான் இழுத்துப் போயிற்று என்று நானே நம்பினேன்.

நீங்கள் எலிப்பொறி வாங்கி வந்தீர்கள்! வருஷா வருஷம் போகிக்கு வீடு சுத்தம் பண்ணும்போதெல்லாம் மசால்வடை வைத்துப் பொறியை வைத்தீர்கள். ஒரு எலி விழவில்லை. "நம்ம வூட்டு எலி படிச்ச எலிமே. அஞ்சாங்கிளாஸ் வரிக்கும் போயிருக்கும்." புதுப் புடவை எடுத்துக் கொடுத்தால், "எலிக்குப் புடிக்குதான்னு கேட்டுக்க." நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேனே, பாவி! ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், குரல் எழும்பாமல், "எலி சாப்ட்டுச்சா?" என்று கேட்டீர்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று சொன்னேன்.

இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த எலியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

துணியை விரித்தேன். ஜரிகை இருந்த இடமெல்லாம் வெட்டி எடுத்திருந்தது. ஓரம் மடித்துத் தைத்திருந்தது, கார் சீட்டு தைக்கிற தடித்த கருப்பு நூலால், இங்கொன்றும் அங்கொன்றுமாக. உங்கள் தையல்தான். வேறு யார் அப்படித் தைப்பார்கள்? அடுத்த தை மாசம் முதலாளியே கூப்பிட்டு மறுபடி அந்தக் காரை உங்களிடம் கொடுத்தாரே, "இவன் தொட்டாத்தான் வண்டில முகம் தெரியுது" என்று. தெருவே நின்று பார்த்த அந்தப் பளபளப்பைத் துடைத்தது என் சேலையா? எனக்குச் சந்தோஷப்படுவதா, உங்கள் படத்தின் முன்னால் நின்று சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை "தெரியும்மே" என்று சொல்லியிருந்தால், ஒரே ஒருமுறை உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கு இடமே கொடுக்காமல் சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

"இன்னா ஆயா, எதுக்கு அழுவுற?" என்று தமிழரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டேன். முழுசாக. இத்தனை வருஷத்தில் முதல் ஆள் அவள். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவள் கடைசியில், "ஐயோ, தாத்தா செம கேடி ஆயா! நீ அதுக்கு மேல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் அந்த மஞ்சள் களிம்பை அவள் தடவினாள், நான் துடைத்தேன். முதலில் துணியைக் கன்னத்தில் இழுத்துப் பார்த்தேன், கம்பி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. அவள் மெல்லிசாகத் தடவிய மெழுகு மங்கியதும் விரலால் இழுத்துப் பார்த்து, தெளிவாக வந்த இடத்தை மட்டும் துடைத்தேன். வட்டமாக இல்லை, நீங்கள் செய்கிற மாதிரி நேராக. முடிந்ததும் அவள் வண்டியை வெயிலுக்கு நகர்த்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாரு ஆயா, ஒண்ணும் இல்ல, பாரேன்" என்று அவள் கத்திய பிறகுதான் திறந்தேன். ஒரு கோடு இல்லை. மூக்குத்தி தெரிந்தது. முகம்தான் கிழவி முகம்.

டப்பாவை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். துணியைக் கொடுக்கவில்லை. இதோ இடுப்பில் செருகியிருக்கிறேன்.

சுவரில் இருக்கும் உங்கள் படத்தில் பின்னால் அந்தக் கருப்புக் கார் பாதி தெரியும், நிழலில். அதன் பக்கத்தில் மாட்ட இந்தக் காரின் புதுப் படம் ஒன்று வேண்டும் என்று தமிழரசியிடம் கேட்டிருக்கிறேன். போனில் அனுப்பாதே, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு என்றேன். காருக்கு மாலை வேண்டாம், ஆள் நிற்க வேண்டாம், பானெட்டு மட்டும் போதும். நல்ல உச்சி வெயிலில் நிறுத்தி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.