சக்கரத்துக்குள் தட்டியவர்

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் விரல் இடுக்கில் கிரீஸ் வாடை போகவில்லை. சோறு பிசைந்தால் உங்கள் கை வாடை என் கையில் அடிக்கிறது. தட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனுஷன் நீங்கள், போன பிறகும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டீர்கள்.

செங்காங்கில் நம் அடுக்குமாடி புளோக் கார் பார்க்கின் சரிவில் வளைந்து ஏறும்போது, மோதிர விரலால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவீர்களே. "வந்தாச்சு" என்று ஒரு வார்த்தை. பின்சீட்டில் தூங்கும் நம் யாழினி அந்தத் தட்டுக்குத்தான் விழிப்பாள். கதவில் கீறல் விழுகிறது என்று நான் திட்டாத நாளில்லை. சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

உங்கள் காரியமெல்லாம் முடிந்து முதல் தடவையாகக் காரை எடுத்தேன். மகளும் நானும் தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். எக்ஸ்பிரஸ்வேயில் ஒன்றுமில்லை. நம் சரிவில் மெதுவாக ஏறியதும் டொக், டொக். என் கால் பிரேக்கிலேயே விறைத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். யாழினி விழித்துக்கொண்டு வலது ஓரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

பிறகு தினமும் அதுதான். காலையில் இறங்கும்போதும் கேட்டிருக்கும். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வீடு திரும்புகையில் கேட்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. கீழே இடம் காலியாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கேட்க, கார் பார்க்கின் மொட்டை மாடிவரை ஓட்டிக்கொண்டு போவேன். வொர்க்ஷாப்பில் காட்ட மனம் வரவில்லை.

நேற்று ஆங் மோ கியோவிலிருந்து என் தம்பி செல்வம் வந்திருந்தான். உங்கள் மச்சினன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன் அல்லவா, என்னோடு காரில் வந்தபோது சரிவில் சத்தம் கேட்டதுமே வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். இடது பின்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை நெம்பினான். உள்ளேயிருந்து ஒரு நட் விழுந்து உருண்டது. மெதுவாகப் போகும்போதெல்லாம் மூடிக்குள் புரண்டு தட்டியது அதுதான். அது மாட்டியிருந்த ஸ்டட், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற அந்தத் தண்டு, மரை சிதைந்து கிடந்தது. பக்கத்து நட்டுகளும் கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா வீல் தனியா போயிருக்கும்லா. பின்னாடி புள்ள உக்காருது."

அந்தச் சக்கரத்தைக் கடைசியாக மாட்டியது நீங்கள். ஆஸ்பத்திரியில் படுப்பதற்குக் கொஞ்சம் முன்பு டயர் பஞ்சர் ஆனபோது, கோணலாக ஏறிய நட்டைக் கை நடுங்க வீம்புக்கு முறுக்கினீர்கள். அப்படியென்றால் உள்ளேயிருந்து தட்டியது வேறு யார்?

இன்று காலை செல்வம் புது ஸ்டட்டோடு வந்தான். கார் பார்க்கில் இதெல்லாம் செய்யக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஜாக் வைத்தான். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றி, பழையதைச் சுத்தியலால் அடித்துப் பின்பக்கமாகத் தள்ளினான். அது விழுந்த பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். அப்போதும் இரண்டு தட்டுக் கேட்டது. செல்வம் என் முகத்தைப் பார்த்தான். மேல் தளத்தில் யாரோ, என்றான். புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, வாஷர் போட்டு, நட்டை முறுக்கி முறுக்கி இழுத்து உட்கார வைத்தோம். கடைசி முறுக்கு என் கையால்.

சாயங்காலம் யாழினியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தேன். சரிவில் ஏறினேன். டயர் உரசும் ஓசை மட்டும்தான்.

"அம்மா, அப்பா இறங்கிட்டாங்களா?"

இத்தனை நாளும் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஆமாம்மா. இறங்கிட்டாங்க."

அவள் உங்களுக்கென்று இதுவரை காலியாக விட்டிருந்த இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

உங்களை இறக்கிவிட்டது நான்தான். அவளுக்காக இன்னொரு தடவையும் இறக்கிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.