புகை விட்ட அப்பாக்கள்

ஜூலை 3, 2025

பாப்பாவுக்கு மறுபடியும் இளைப்பு. மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே போகிறது. பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"வீட்ல யாரு சிகரெட் குடிக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய்க் குடித்தாலும் சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வருமாம். நர்ஸ் அவரை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். "புகை விட்ட அப்பாக்கள்" என்று பெயர். புதிதாக அப்பா ஆனவர்களுக்கு மட்டும். மதுரையிலிருந்து ஷிரின் பானு மேடம் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் பேச வேண்டும்.

திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி, பாக்கெட்டைச் சாக்கடையில் எறிந்தார். "இனிமே தொட மாட்டேன்ட்டி." கண் கலங்கியிருந்தது. அருண்குமார் அழுது நான் பார்த்ததில்லை.

ஜூலை 8

நிஜமாகவே விட்டிருக்கிறார். எரிச்சல் மட்டும் தாங்க முடியவில்லை. குழம்பில் புளி அதிகம் என்று தட்டைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் குழம்பு. அத்தை, "எம் மவன் பிள்ளைக்காகப் படுத பாடு, நீ பொறுத்துக்கோ" என்றார்கள். பொறுத்துக்கொண்டு துடைத்தேன்.

ஜூலை 20

குரூப்பில் இவர்தான் ராஜா. செல்போன் கடையில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய். காலையில் பல் தேய்த்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மக்கா, பிள்ளை மூஞ்சியைப் பாருங்கலே. சிகரெட் தன்னால கையை விட்டுப் போயிரும்." அறுபது எழுபது பேர் கைதட்டல் படம் போடுகிறார்கள். மேடமே, "அருண்குமார் மாதிரி இருங்க" என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 3

இன்றைக்கு வீடியோ கூட்டம். சிவகிரியிலிருந்து பிரவின்ராஜ் என்று ஒருவர். சின்னப் பையன் மாதிரி முகம். கேதத்துக்கு, ஒரு சாவு வீட்டுக்கு, போன இடத்தில் மறுபடி சிகரெட் குடித்துவிட்டேன் என்று தானாகச் சொல்லி அழுதார். மேடம், "பரவால்ல, சொன்னீங்களே, அதுதான் பெருசு. நாளையிலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க" என்றார்கள்.

இவர் குறுக்கே பாய்ந்தார். "நீரெல்லாம் ஒரு அப்பனாவே? உம்ம பிள்ளை செத்தாத்தான் விடுவீரோ?"

ஒருவன் மட்டும் சிரித்தான். பிரவின்ராஜ் தன் வீடியோவை அணைத்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் பாப்பா துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறக்கூட இல்லை. முடிக்கிற வரைக்கும் குடித்தார்.

"மேடத்துக்கிட்ட சொல்லிருங்க. அவங்க திட்ட மாட்டாங்க" என்றேன்.

"அந்தச் சிவகிரிக்காரனும் நானும் ஒண்ணாட்டி? வாயைத் திறந்த, பல்லு இருக்காது."

ஆகஸ்ட் 4

அத்தைக்கு ஏற்கெனவே தெரியும். மாடியைக் கூட்டுவதே அவர்கள்தானே.

ஆகஸ்ட் 9

தபசுத் திருவிழாக் கூட்டம் ஊரைவிட்டு இன்னும் போகவில்லை. ஆட்டோ நகரவே இல்லை. மடியில் பாப்பாவுக்கு நெஞ்சு கர்கர் என்கிறது. நெபுலைசர் வைத்தார்கள்.

"சிகரெட் விட்டாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"விட்டாச்சு டாக்டர். குரூப்புல வேணா கேளுங்க" என்றார் இவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவதான் பிள்ளையைக் குளிப்பாட்டிட்டுச் சாம்பிராணி போடுதா. இவங்கம்மா சொல்லிக் குடுத்த பழக்கம்."

முதல் மாதத்தோடு நிறுத்தியாச்சே! டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். படிச்ச பொண்ணுதானே, அறிவில்லையா, புகையைக் காட்டிப் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறியா. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இவர் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லலை? கோமதி, உனக்கு வாய் இல்லையா?

ஆகஸ்ட் 17

மேடம் இன்றைக்கு மனைவிகளைப் பேசச் சொன்னார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் தெரியாமல் என் காலை மிதித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டாங்க மேடம். பாப்பாவும் நல்லா இருக்கா."

என் குரல்தான் அது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரவின்ராஜ் சொன்னார்: "மதினி, அண்ணாச்சியால முடிஞ்சிருக்கு. நானும் திரும்ப விட்டுட்டேன். உங்க வீட்டைப் பாத்துத்தான் தெம்பு." அன்றைக்கு அப்படித் திட்டு வாங்கியவர். முகத்தில் கோபமே இல்லை.

மிதித்த இடம் கன்றிப்போயிருக்கிறது.

ஆகஸ்ட் 26

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. பாப்பா மூக்கில் குழாய். உதடு நீலமாக இருந்தது, இப்போது பரவாயில்லை.

வராந்தாவில் இவர் போனை வாயருகே வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "என் பிள்ளை உள்ள ஆக்சிஜன்ல கெடக்கா மக்கா. இந்த நேரத்துலயும் நான் தொடலை." சொல்லும்போதே வாயில் நாற்றம்.

இங்கேயும் சாம்பிராணிப் புகை என்றுதான் இவர் எழுத வைத்திருந்தார். ரவுண்ட்ஸ் வந்த லேடி டாக்டரிடம் போய் நின்றேன். "சாம்பிராணி இல்லை மேடம். இவரு சிகரெட் குடிக்காரு. இப்பல்லாம் வீட்டுக்குள்ளயே குடிக்காரு. எல்லார்கிட்டயும் பொய் சொல்லுதாரு."

அடித்தார். அந்த டாக்டர் கண் முன்னாலேயே. காது இன்னும் இரைகிறது. அத்தை, "ஊரு சிரிக்க வச்சிட்டாளே பாவி" என்று அழுதார்கள். பாப்பாவுக்காக இல்லை.

டாக்டர், ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த என் அப்பாவைக் கூப்பிட்டு, "பிள்ளையை இந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்றார்.

செப்டம்பர் 4

பனவடலிசத்திரம். அப்பா வீடு. பாப்பா தூங்குகிறாள், சத்தமில்லாமல்.

ஷிரின் பானு மேடத்துக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். "நான்தானே அவரை எல்லாருக்கும் முன்னால தூக்கி வச்சேன்" என்றார்கள். இவர் குரூப்பில் உண்மையைச் சொல்லட்டும், சொன்னால் திரும்ப முதலிலிருந்து உதவுவோம், யாரையும் தள்ள மாட்டோம் என்றார்கள்.

நல்லவர்கள். இவரைத் தெரியாதவர்கள்.

செப்டம்பர் 14

வந்தான். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுப் போன பிறகு இன்றைக்குத்தான். புதுச் சட்டை, வாயில் சூயிங்கம். அப்பா நாற்காலி போட்டார். 'வா, வீட்டுக்குப் போவோம்' என்று கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பாப்பாவைத் தூக்கி வந்தேன். கூப்பிட்டால் போயிருப்பேனோ? தெரியவில்லை.

"பிள்ளையைக் குடு. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

முத்தம் கொடுக்கிற மாதிரி வைத்து எடுத்தான். சரியில்லை என்று இன்னொன்று எடுத்தான். பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

சாயங்காலம் மேடம் அனுப்பியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மேடம் உண்மையைச் சொல்லச் சொன்னதும் குரூப்பைவிட்டு வெளியேறி, அதே பெயரில் சொந்தமாக ஒன்று ஆரம்பித்திருக்கிறான். பாதிப் பேர் அவன் பின்னால் போய்விட்டார்கள். பாப்பா படம்தான் குரூப் முகப்பு. கீழே: "பெண்டாட்டி விட்டுப் போனாலும் வைராக்கியத்தை விடாத அப்பா."

செப்டம்பர் 16

பிரவின்ராஜ் போன் பண்ணினார். "மதினி, அண்ணாச்சி நிசமாவே விட்டுட்டாங்களா? நீங்க சொன்னதை நம்பித்தான் நான்..."

சொன்னால் பிரவின்ராஜும் மறுபடி தொட்டுவிட்டால்? யோசித்தேன். இன்னொரு தரம் அந்தப் பொய் வரவில்லை.

"இல்லை தம்பி. ஒரு மாசம்கூட இல்லை. அன்னைக்கு உங்களைத் திட்டிட்டுப் போயிக் குடிச்சாரு. நானும் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க."

அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 29

பிரவின்ராஜிடமிருந்து தகவலே இல்லை.

அக்டோபர் 12

மேடம் இன்றைக்கும் கூப்பிட்டார்கள். பிரவின்ராஜ் அவன் ஆரம்பித்த குரூப்பில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாராம். இப்போது மேடம் குரூப்பில்தான் இருக்கிறார். நடுவில் கொஞ்ச நாள் குடித்தார், மறுபடி விட்டிருக்கிறார். எத்தனை நாளைக்கோ, தெரியாது என்றார்கள்.

மத்தியானம் அவன் போனில் பேசினான். "என் பேரை நாறடிச்சிட்டியேட்டி. இனி வீட்டுப் படியை மிதிக்காதே." பேச்சுக்கு நடுவே இழுத்து விடுகிற சத்தம். மறைக்கக்கூட இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறானா என்று கடைசிவரை காதில் வைத்திருந்தேன். கேட்கவில்லை.

பாப்பாவுக்கு இன்றைக்கு முதல் சோறு. பருப்பு விட்டுக் குழைத்துக் கொடுத்தேன். துப்பினாள். மறுபடி கொடுத்தேன். தின்றாள்.