உனக்காக அழ வந்தவர்கள்

என் நைனா,

இந்தச் சொல்லை உரக்கச் சொல்லிப் பல மாதம் ஆகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாத சொல்லை என்ன செய்வது? எழுதிப் பார்க்கிறேன்.

அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ நடுவில் கோபப்படுவாய்.

உன் கருமாதி அன்று மயங்கி விழுந்தாள். அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். “மனசு ரொம்ப அலட்டிக்காம பாத்துக்கங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அண்ணன் காதில் விழுந்தது அதைவிட அதிகம்.

நம் ஜனங்களுக்குத் துக்கம் ஒரு நாளில் முடிவதில்லையே. சாவுக்கு வர முடியாதவர்கள் பிறகு வருவார்கள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, புதிதாக இப்போதுதான் செத்ததுபோல் அழுவார்கள். பாட்டுக் கட்டி அழுவார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். கல்லூரியில் படித்த நாளில் எனக்கு அது கூச்சமாக இருக்கும்.

அண்ணன் அதை நிறுத்திவிட்டான். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். யார் வந்தாலும் ஒரே பேச்சு. “அம்மா தூங்கறாங்க. டாக்டர் அழக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.” அவன் ஷிப்டுக்குப் போனால் அண்ணி அதே இடத்தில். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, தெருவிலிருந்தே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

துடைப்பத்தையும் அண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு முறத்தை. பிறகு தண்ணீர்க் குடத்தை. அம்மாவின் கையில் எதுவும் இல்லை. பாலும் ரொட்டியும் நேரத்துக்குப் போயின. இவ்வளவு பாசத்தோடு ஒருவரை முடக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

பின்னறையில் பாய். பாயில் அம்மா. பகலெல்லாம் கண்ணயர்வாள். கால் வீங்கியது. முட்டி மடங்கவில்லை. ஆரம்பத்தில் கேட்பாள்: “இன்னிக்கு யாருனா வந்தாங்களா?” அம்மா கலங்கிவிடுவாள் என்று அண்ணி, “யாரும் வரல அத்தே” என்பாள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

நைனா, ஒருநாள் காலை அவளால் பாயிலிருந்து எழ முடியவில்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி உட்கார வைத்தோம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அவ்ளோ பேருக்கு ஓடினு இர்ந்தாரு உங்க நைனா. அவருக்கு அழ ஒரு நாதி இல்லாம பூட்ச்சே.”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன்.

அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருப்போம். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. குத்தம்பாக்கத்திலிருந்து அஞ்சலை பெரியம்மா. அம்மாவோடு ஒரே வரப்பில் நாற்று நட்டவள். மகள் பிரசவத்தில் மாட்டிக்கொண்டு சாவுக்கு வர முடியாமல் போனவள். அண்ணன் எழுந்து நின்று மறித்தான்.

“பெரிம்மா, அம்மா தூங்கறாங்க.”

“தூங்கட்டும். நான் எழுப்பிக்கிறேன்.”

“டாக்டரு அழக்கூடாதுன்னு…”

“ஏன்டா, அந்த டாக்டரு ஊட்ல எழவே உழலியா? வழி உடு.”

“சொன்னா கேளு பெரிம்மா. பிரஷர் கீது.”

“அடக்கி வச்சா பிரஷர் வராம இன்னா வரும்? குக்கர் வாங்கி வச்சிகீறியே, அத்த பாத்துனா தெரியல?”

அண்ணன் நகரவில்லை. பெரியம்மாவும் மல்லுக்கு நிற்கவில்லை. பையைத் தெருவில் வைத்தாள். முந்தானையை வாயில் பொத்தி எடுத்தாள். நடுத்தெருவில் நின்றபடி உன் பெயரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள்.

எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. அண்ணன் முகம் சிவந்து போனது. பின்னால் ஏதோ உரசும் சத்தம். திரும்பினால், அம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து, மறு காலை ஊன்றி. யாரும் தூக்கிவிடவில்லை. வாசல்வரை வந்தாள். முக்காலியைத் தள்ளினாள். “அக்கா” என்று பெரியம்மா மேல் விழுந்தாள்.

இரண்டு பேரும் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அம்மா உன்னைத் திட்டித்தான் பாட்டுக் கட்டினாள்.

“சைக்கிளு செயினுக்கு எண்ண உட்ட எம்ராசா
எம்முட்டிக்கு ஒரு சொட்டு உடாமப் பூட்டியே”

பெரியம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். “தே, நல்லா கேட்டடி” என்றாள். அம்மாவும் சிரித்தாள். மறுபடி அழுதாள். எது எப்போது முடிந்தது, எது தொடங்கியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அழுது முடித்ததும் சோறு கேட்டாள். பாலும் ரொட்டியும் இல்லை. சோறு.

சாப்பிடும்போது அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனே சொன்னான். “நெறய பேரு வந்தாங்கம்மா. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்.”

அம்மா கையை இலையிலேயே வைத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “யார் யாரு?” என்றாள்.

அண்ணன் ஒவ்வொருவராகச் சொன்னான். உன்னோடு லேத் பட்டறையில் வேலை செய்தவர்கள். நீ ஜாமீன் நின்ற மேஸ்திரி. டீக்கடைக்காரர். பூந்தமல்லியிலிருந்து உன் சின்னம்மா மகள், கைக்குழந்தையோடு. உன்னோடு ஒரு வருஷம் பேசாமலிருந்த ஏழுமலை மாமா கூட. ஒவ்வொரு பெயருக்கும் அம்மா, “அவரு வந்தாரா? மெய்யாவா?” என்றாள். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிமிர்ந்தாள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் பெரியம்மா அம்மாவிடம் சொன்னாள்: “வாசல்ல வந்து திரும்பிப் போனவங்க மனசு இன்னா பாடு படும்? நீதான் போய் பாக்கணும். அவங்கள வரச் சொல்லாத.”

அதுதான் நடந்துகொண்டிருக்கிறது, நைனா. அம்மா போகிறாள். முதலில் தெருமுனைவரை, என் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஏரிக்கரை வழியாக, தனியாக. வெயில் ஏறுமுன் கிளம்பி ஒரு வீடு. உட்கார்ந்து அழுவது, பேசுவது, அவர்கள் முறத்தை வாங்கி அரிசி புடைப்பது. வரும்போது உன்னைப் பற்றி எங்களுக்குத் தெரியாத எதையாவது கொண்டு வருகிறாள். ஏழுமலை மாமாவோடு உன் சண்டை ஒரு சேவலைப் பற்றியதாமே?

டாக்டரிடம் போனோம். கொதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். நடக்கிறாள் என்று சொன்னதும், “நல்லது, நடக்கட்டும்” என்றார். வீடு வீடாக அழத்தான் நடக்கிறாள் என்று அண்ணன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முட்டி இன்னும் வலிக்கிறது. சில மாலைகளில் யாரோடும் பேசாமல் இருக்கிறாள். அதைச் சரிசெய்ய நாங்கள் ஓடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம். வயதானவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்கிறோம். யாராவது அவர்களுக்காக எங்கோ காத்திருப்பதும் வேண்டுமோ?

போன வாரம் என்னைக் கேட்டாள். “நீ அழவே இல்லியே, இன்னா?”

“எனக்குப் பாட்டுக் கட்ட வராதும்மா.”

“எழுதத்தான் வருமே. அதயாவது பண்ணு. உள்ளயே வச்சினு இருக்காத.”

அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லா வீடும் முடிந்துவிட்டது என்று நேற்று நினைத்தோம். இன்று காலை அம்மா மஞ்சள் பையோடு நிற்கிறாள். அம்பத்தூரில் புருஷனை இழந்த ஒருத்தி வெளியிலேயே வருவதில்லையாம். பழக்கமில்லாதவள். மார்க்கெட்டில் யாரோ சொன்னார்களாம். அண்ணன், “அது யாருன்னே தெரியாதேம்மா, நீ எதுக்கு?” என்றான்.

“போனா தெரிஞ்சிடப் போவுது” என்றாள். ரயிலுக்கு நடந்தாள்.

அண்ணன் பின்னால் ஓடப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

நைனா, உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் எழுந்து போக நினைக்கும் எந்தக் காலையிலும், பாசம் என்ற பெயரில் அவள் வழியில் நான் நிற்கமாட்டேன். யாரையும் நிற்க விடவும் மாட்டேன்.

இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் உனக்கு,
உன் கடைசிப் பெண்,
தேவகி