முதல் மீன் உனக்கு

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், மாப்பிள்ளை. என் தங்கச்சி மறுபடி சோறு தின்பாள், வாய் திறப்பாள், ஊரே வேடிக்கை பார்க்கத் தூண்டில் போடுவாள் என்றேன். யாராவது நம்பினார்களா? இப்போது எத்தனை சோப்புப் போட்டாலும் என் விரலில் கணவாய் மீன் இரையின் வாடை போகவில்லை. உன் கையில் எப்போதும் இருந்த அதே வாடை. அதுதான் எழுத உட்கார வைத்தது.

நீ போன பிறகு அவள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். தலைமாட்டில் வைத்த கஞ்சி ஆடை கட்டிக் கிடக்கும். டாக்டர் மாத்திரை எழுதினார். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கு அவரைவிடத் தெரியாதா? நைலான் நரம்பு சுற்றிய உன் தூண்டில் கட்டையை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"ஏளா, ஆஸ்பத்திரியில ஒம் புருசன் எங் கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அவளத் தூண்டில் போடச் சொல்லு. மொத மீனு எனக்கு'ன்னான்."

எழுந்து உட்கார்ந்தாள்.

அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களுக்குப் போகிறோம். முதல் நாளே அங்கிருந்த அண்ணாச்சி ஒருவர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, ஆம்பளைங்க எடத்துல வந்து உக்காருதிய?"

"அண்ணாச்சி, இவ சுண்டுவெரலால சுறா புடிச்சவ. தள்ளி உக்காரும்" என்றேன்.

வந்தது என்னவோ உள்ளங்கை அளவு விளமீன். வாய் கிழியாமல் தூண்டில் முள்ளைக் கழற்றி, "இந்தாங்க, ஒங்க பங்கு" என்று கடலில் விட்டாள். பிறகு நரம்பைக் காதோரம் வைத்துக்கொண்டாள். "நரம்பு பேசும்லே, வாயப் பொத்திட்டுக் கேளு" என்பாயே, அப்படி. என் வாயை அடைக்க முடிந்தது உலகத்திலேயே உன்னால்தான்.

அன்று வீட்டில் குழம்பு கொதித்தது. அவளும் சாப்பிட்டாள்.

ஆனால் ஒவ்வொரு வாரமும், "அண்ணே, அவிய வேற என்ன சொன்னாவ?" என்று கேட்கிறாள். நானும் சளைக்காமல் எடுத்துவிட்டேன். குழம்பில் புளியைக் குறைக்கச் சொன்னாய். முன்கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கச் சொன்னாய். கதவு இப்போது பச்சை.

போன ஞாயிறு காற்றே இல்லை. துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நரம்பைக் காதில் வைத்தபடியே அவள் சொன்னாள்: "ஒங்க கால் வீங்கியிருக்காம்ணே. ஒழுங்கா மாத்திர போடச் சொல்லுதாவ."

வேட்டிக்குள் மறைத்து வைத்திருக்கும் அந்த வீக்கத்தை நான் உன்னைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. அந்த நேரம் பார்த்து என் நரம்பும் சுண்டி இழுத்தது. இழுத்துப் பார்த்தால் இரை வைத்தபடியே இருந்தது.

இப்போது தவறாமல் மாத்திரை போடுகிறேன். சட்டைப் பையிலேயே இருக்கிறது. முதல் மீனை நானும் விட்டுவிடுகிறேன்.

அவளிடம் சொல்லிவிடாதே, மாப்பிள்ளை. நீ என் கையைப் பிடிக்கவும் இல்லை, மீன் கேட்கவும் இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் வாய் திறக்காதபடி நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள்.