காக்கைக்குச் சொன்ன வார்த்தை

புரட்டாசி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை.

"எனக்குத் திதி, படையல் எதுவும் வேண்டாம்" என்று அப்பா கடைசிவரை சொன்னார். செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கும் அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கொள்ளேகாலிலிருந்து அக்கா மைசூருக்கு வந்து அழுதாள். இன்று வருஷத் திதி கொடுத்துவிட்டேன்.

மொட்டை மாடிச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்தோம். தினமும் என் கையிலிருந்து இட்லியைப் பிடுங்கித் தின்னும் காக்கைகள் எதிர்வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. கரையவும் இல்லை. என்னையே பார்த்தன.

அக்கா பயந்துபோனாள். "அப்பாவுக்கு மனசுல ஏதோ குறை இருக்குதுடா. அவரு ஆசைப்பட்டதைச் செய்யறேன்னு சொல்லு, எடுத்துக்குவாரு."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் உதட்டை அசைத்தேன். "இனிமேல் செய்யமாட்டேன்பா" என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

உடனே ஒரு காக்கை இறங்கித் தின்ன ஆரம்பித்தது.

"நோடு, நோடு, பாருடா, வந்துட்டாரு!" அக்கா கும்பிட்டாள். "அப்படி என்னடா சொன்ன?"

"வருஷா வருஷம் செய்யறேன்னு சொன்னேன்க்கா."

காக்கை நிமிர்ந்தது. அலகிலிருந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டுப் பறந்தது.

அக்கா பக்கத்து அறையில் தூங்குகிறாள். இலை இன்னும் சுவர்மேல்தான் இருக்கிறது.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விடிந்ததும் அக்காவை மாடிக்கு அழைத்துப்போய், அந்த இலைக்கு முன்னால் நின்று, உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

காக்கைகள் வருவதற்குள்.