கலண்டரைத் திருத்தியவர்

மதிசுதனுக்கு,

மேனுகா இன்றைக்கு உங்களோடு கதைக்க மாட்டாள். அதனால் ஒரு கதை எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.

ஒரு வீட்டில் மகா கெட்டிக்காரக் கணவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோடைக்கால நேரம் தொடங்கி, மணிக்கூடெல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது. போன் தானாகவே மாறிக்கொண்டது. அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "எல்லாத்தையும் நான் சரியாக்கிப்போட்டன், நீர் யோசியாதையும்" என்று சொல்லி, போன் கலண்டரில் குறித்துக் கிடந்த அத்தனை நேரத்திலும் தன் கையால் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டார்.

ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த கண் டொக்டரிடம் மனைவி இன்று ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நின்றாள். அங்கிருந்த பெண் பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லி அழகாகச் சிரித்து, செப்டெம்பரில் வரச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டால், "போன்லதான் ஏதோ பிழை" என்றுவிட்டுக் கணவர் குளிக்கப் போய்விட்டார்.

சோறும் மீன்குழம்பும் மேசையில். குழாய் திருத்துகிறவர் ஐந்து மணிக்கு வருவார் என்று உங்கள் கலண்டர் சொல்லும். நாலு மணிக்கே கதவைத் திறவுங்கள்.

பி.கு.: அடுப்பு மணிக்கூட்டை மட்டும் நீங்கள் இன்னும் மாற்றவில்லை. அது பழைய நேரத்திலேயே ஓடுகிறது. அதன்படி பார்த்தால், நாங்கள் இன்னும் சண்டையே பிடிக்கவில்லை. 'சொறி' சொல்ல உங்களுக்கு முழுதாக ஒரு மணித்தியாலம் இருக்கிறது.