குறிகட்டுவானோடு முடிந்த பயணம்

அண்ணை,

இன்று காலை உங்கள் வான் வண்டியை வாங்கவென்று பார்க்க ஒருவர் வந்தார். நீங்கள் போன பிறகு, இந்தப் பத்து மாதமும் அது வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். மண்ணெண்ணெய், கருவாடு, ஈரம் ஊறிய மெத்தை, எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தன. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார். நான் கதவடியிலேயே நின்றேன். எனக்கு அருவருப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

பிரான்சில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஒரேயொரு சூட்கேசோடு வந்து இறங்கினீர்கள். மாடி வீடு கட்டப்போகிறார் என்று வேலணைச் சனம் பேசிக்கொண்டது. நீங்களோ பழைய வான் ஒன்றை வாங்கி, பின் ஆசனங்களைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, நான் எடுத்துத் தந்த அம்மாவின் நூல்சேலைகளைக் கிழித்துத் திரை போட்டீர்கள். வந்த நாள் தொட்டு அதற்குள்தான் படுத்தீர்கள். வீட்டுக்குள் ஒரு நாளும் படுக்கவில்லை. அம்மா இறந்த அறைப் பக்கம் போகவுமில்லை. வெளிநாட்டுப் பழக்கமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"ஹோட்டலில நிண்டு ஊர் பாக்க எங்களுக்கு வசதியில்லை. இதுதான் எங்கட ஹோட்டல். தீவுக் கரையெல்லாம் ஒருக்காச் சுத்துவம், வா" என்றீர்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததைத் தவிர நான் பயணம் என்று எங்கும் போனதில்லை. தபால் கந்தோரில் ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் ஊர்காவற்றுறைக் கரையில் நிறுத்தினோம். மீன் விற்ற பெண் ஒருத்தி வானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளேயோ படுக்கிறியள்? எந்த ஊர்?"

"வேலணை" என்றீர்கள்.

"உந்தா கிடக்கு வேலணை. வீட்டைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஏன் இஞ்ச வந்து படுக்கிறியள்?"

"வீட்டில இருந்தாக் கடல் தெரியாது, அக்கா."

அவள் சிரித்துக்கொண்டு, விற்றது போக மிஞ்சிய சூடை மீனை ஓர் ஓலைப்பெட்டியில் தந்துவிட்டுப் போனாள். அதுதான் அன்றைய கறி. கேட்ட இடத்தில் கிணறு தந்தார்கள், குளித்தோம். தண்ணீர்க் கானை நிரப்பிக்கொண்டோம். மறுநாள் இறுப்பிட்டியில் வானின் சில்லில் காற்றுப் போய், வெயிலில் இரண்டு பேரும் அரை நாள் கிடந்தோம். அதுகூட எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. காலையில் நீங்கள் முதலில் எழும்பி வெறுந்தேத்தண்ணி வைத்து, திரைக்குள்ளால் நீட்டுவீர்கள். "பிள்ளை, எழும்பு. கடல் வத்திக் கிடக்கு, வந்து பார்." எனக்கு யாராவது தேத்தண்ணி போட்டுத் தந்து எத்தனையோ வருடம். அந்த மூன்று நாளும் நான் நன்றாகத்தான் இருந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு ஏலாது.

மூன்றாம் நாள் வானைக் குறிகட்டுவான் துறையில் விட்டுவிட்டு நயினாதீவுக்குப் படகில் போனோம். அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்று கிடந்தது, அதைச் செய்தோம். மத்தியானம் திரும்பி வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது, கடைக்காரர் உங்களையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணை, என்னைத் தெரியேல்லையோ? அப்ப ஓட்டோ ஓடினனான். நாலு வருசத்துக்கு முன்னம் உங்களை யாழ்ப்பாணத்தில இருந்து வேலணைக்கு ஏத்திக்கொண்டு வந்தனான். அம்மாவின்ர செத்தவீடு எண்டனீங்கள். உங்கட வீட்டு ஒழுங்கை முகப்பில நிப்பாட்டச் சொல்லிப்போட்டு இறங்கவே இல்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு திருப்பு எண்டனீங்கள். என்னால மறக்க ஏலாது."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"பிளேன் ரிக்கெற் கிடைக்கேல்லை எண்டு போனில சொன்னது?" என்று கேட்டேன்.

"அந்தப் போனை யாழ்ப்பாணத்தில, லொட்ஜில இருந்துதான் எடுத்தனான்."

அம்மாவின் உடலை உங்களுக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தோம், அண்ணை. கடைசியில் சித்தப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். வாசல் படலையில் சத்தம் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனிசி கண்ணை மூடினா.

"வாறன் வாறன் எண்டு வருசா வருசம் அம்மாவை ஏமாத்தினனான். உயிரோட இருக்கேக்க வராதவன் செத்தாப் பிறகு வந்து நிண்டா, சனம் என்ன சொல்லும்? அந்த முகங்களைப் பாக்க ஏலாமப் போச்சு, பிள்ளை."

"சனமோ? அந்தச் சனத்துக்குள்ள நானும் ஒருத்தி தனிய நிண்டனான்."

நான் வானுக்குள் போய் என் பையை எடுத்தேன். பஸ் நின்றது. நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள்.

"நாளைக்குக் காலமை நெடுந்தீவுக்குப் படகு. கேட்டு வைச்சிட்டன். போயிட்டு வந்து கோவிச்சுக்கொள்ளன்."

"நீங்கள் போங்கோ. தனியப் போய்ப் பழகின ஆள்தானே" என்றேன்.

உங்களோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதன் பிறகு எட்டு நாள். நீங்கள் எடுத்த அழைப்பு ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் விடிய, எங்கள் ஊர்ச் சாட்டிக் கரையில் வலை இழுக்க வந்தவர்கள் உங்களைக் கண்டார்கள். பலகைக் கட்டிலில் படுத்தபடியே கிடந்தீர்களாம். மாரடைப்பு என்றார் டொக்டர். உங்களுக்கும் அதே சித்தப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான்.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் சிலவன்று பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா. "உம்மட அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் ஒழுங்கை முகப்பில வானை விட்டிட்டு நிண்டவர். உள்ளுக்குப் போங்கோவன் எண்டு நான் சொன்னனான். அவ கூப்பிடட்டும் எண்டவர். உமக்குத் தெரியாதோ?"

"தெரியாது" என்றேன்.

பொய், அண்ணை. குசினி யன்னலால் பார்த்தால், வேலிக்கு மேலே வானின் வெள்ளைக் கூரை தெரியும். முதல் நாளே கண்டேன். எட்டு நாளும் கண்டேன். அடுப்பை மூட்டினேன், சோறு வடித்தேன், யன்னலைச் சாத்தினேன். நீங்களாக இறங்கி உள்ளே வரட்டும் என்று இருந்தேன். வீம்பில் நான் உங்களுக்குக் குறைந்தவள் இல்லை.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் இறந்துபோனதால் அது மாறிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மாறவில்லை. அம்மாவை நினைத்தால் உங்கள்மேல் எரிகிறது, அந்த யன்னலை நினைத்தால் என்மேல் எரிகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

கந்தோருக்கு வருகிற சனம் முத்திரை வாங்கும்போது சொல்லும்: "கடைசிக் காலத்தில அண்ணையோட கடற்கரையெல்லாம் சுத்தித் திரிஞ்சனீர். கூடப் பிறந்ததுக்குப் பெரிய புண்ணியம்."

நான் "ஓம்" என்கிறேன். வேறு என்ன சொல்ல? அடுத்த ஆளின் கடிதத்தை வாங்கி நிறுக்கத் தொடங்குகிறேன்.